மறித்தவருக்கு மூன்று, மறிக்கப்பட்டவருக்கு முட்டை

2011 அக்டோபர் 29, சனிக்கிழமை. டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டா. இந்தியாவில் முதன்முதலாக ஃபார்முலா ஒன். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் க்வாலிஃபையிங் நடக்கிறது. நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் சொந்த நாட்டு ஜனங்களுக்கு முன்னால் ஓட்டுகிறார். கார், ஹெச்.ஆர்.டி. என்ற ஏழை டீமுடையது. அந்த வருஷம் களத்திலிருந்த மிக மெதுவான வண்டிகளில் ஒன்று. பின்னால் மெர்சிடிஸில் ஒருவர் பறந்து வருகிறார். நரேன் அவருக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டார். வந்தவர் லேசுப்பட்டவர் இல்லை. மைக்கேல் ஷூமேக்கர். ஏழு முறை உலக சாம்பியன்.

ஸ்டூவர்டுகள் கூடினார்கள். (விமானத்தில் ஜூஸ் கொடுப்பவர்கள் இல்லை. பந்தய நீதிபதிகளுக்கு இதுதான் பெயர்.) தீர்ப்பு: நரேன் புறப்படும் வரிசையில் ஐந்து இடம் பின்னால் போக வேண்டும்.

இதில் மூன்று வேடிக்கைகள். முதலாவது, வரிசையில் மொத்தமே 24 கார். நரேன் ஏற்கெனவே வால் பக்கம். அவருக்குப் பின்னால் ஐந்து கார் இருந்தால்தானே ஐந்து இடம் போக முடியும்! இரண்டாவது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மறித்தல் விவகாரத்தில், இதைவிடப் பல மடங்கு பெரிதாக மாட்டியவர் இதே ஷூமேக்கர். மூன்றாவதுதான் முக்கியம். நரேனைத் தண்டித்தார்கள், சரி. ஷூமேக்கருக்கு என்ன கிடைத்தது? கெட்டுப்போன அந்தச் சுற்று திரும்பி வந்ததா? வரவில்லை. மறித்தவருக்கு ஐந்து, மறிக்கப்பட்டவருக்கு முட்டை.

இந்த முட்டையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

கார் பந்தயம் பார்க்காதவர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். பார்ப்பவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம். க்வாலிஃபையிங்கில் ஒருவரை ஒருவர் முந்த வேண்டிய அவசியமே இல்லை. கடிகாரத்தோடுதான் போட்டி. குறைந்த நேரத்தில் ஒரு சுற்று ஓட்டினால் முன்னால் நிற்கலாம். மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்திலும் இரண்டாவதிலும் மெதுவானவர்களைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சியவர்கள் மூன்றாவதில் மோதுவார்கள். சிக்கல் எங்கே என்றால், எல்லோரும் எப்போதும் வேகமாகப் போவதில்லை. வெளியே வந்த முதல் சுற்றில் டயரைச் சூடேற்ற வேண்டும். முடிந்ததும் மெதுவாகத் திரும்ப வேண்டும். நடுவில் டயரை ஆற்ற வேண்டும், பாட்டரியை நிரப்ப வேண்டும். ஆக, ஒரே ரோட்டில் ஒருத்தர் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார். இன்னொருத்தர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச்சுக்குப் போகிறவர் மாதிரி உருட்டிக்கொண்டு போகிறார். மெதுவாகப் போகிறவர் கண்ணாடியில் பார்த்து, ரேடியோவில் கேட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் மறித்த குற்றம்.

ஒன்று கவனித்தீர்களா? இது தானாக முளைத்த வியாதி இல்லை. 2003 முதல் 2005 வரை க்வாலிஃபையிங்கில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் கடிகாரத்தோடு ஓடியது. தனி ஆவர்த்தனம். யாரும் யாரையும் மறிக்க வழியில்லை. நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் டி.வி.யில் பார்க்க அலுப்பாக இருந்தது. 2006-ல் எல்லோரையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடும் இந்த மூன்று கட்ட முறை வந்தது. விறுவிறுப்பு வந்தது, கூடவே மறித்தலும் வந்தது. நாம் சுவாரஸ்யமாகப் பார்ப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது. அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

புது முறை வந்த முதல் வருஷத்திலேயே இரண்டு பெரிய ரகளை.

2006 மே, மொனாக்கோ. குறுகலான நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயம். முந்துவது கிட்டத்தட்ட முடியாது என்பதால் அங்கே சனிக்கிழமையே பாதி முடிவு தெரிந்துவிடும். கடைசி நிமிஷம். ஷூமேக்கர்தான் முதலிடத்தில். பின்னால் ரெனோ காரில் ஃபெர்னாண்டோ அலான்ஸோ, அவர் நேரத்தை உடைக்கிற மாதிரி வந்துகொண்டிருக்கிறார். லா ரஸ்காஸ் என்று ஒரு வளைவு. முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வருவது. அங்கே ஷூமேக்கரின் ஃபெராரி சுவரோரமாகப் போய் நின்றுவிட்டது. மஞ்சள் கொடி. பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அலான்ஸோ 0.064 விநாடியில் முதலிடத்தைத் தவறவிட்டார். தப்பு நடந்துபோச்சு, வேண்டுமென்று செய்யவில்லை என்றார் ஷூமேக்கர். ஸ்டூவர்டுகள் மணிக்கணக்கில் தகவல்களைப் புரட்டினார்கள். அந்த வளைவில் அப்படி பிரேக் போட நியாயமான காரணமே இல்லை என்று ராத்திரி தீர்ப்புச் சொன்னார்கள். அவருடைய நேரங்கள் எல்லாம் ரத்து. முதலிடத்திலிருந்து கடைசிக்கு. மறுநாள் அங்கிருந்து கிளம்பி ஐந்தாவதாக வந்தார் என்பது வேறு விஷயம். ஜெயித்தது அலான்ஸோ.

நாலு மாசம் கழித்து, இத்தாலியில் மோன்ஸா. இந்தத் தடவை குற்றவாளிக் கூண்டில் அலான்ஸோ. டயர் கிழிந்து, அவசரமாக அதை மாற்றிக்கொண்டு, நேரம் முடிவதற்குள் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று அவரும் முழு வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தார். பின்னால் ஃபெராரியில் ஃபெலிப்பே மாஸா. இருவருக்கும் நடுவே நூறு மீட்டர் அளவுக்கு இடைவெளி. அவ்வளவு தூரத்திலிருந்தும் முன்னால் போகிற காரின் காற்று என் காரைக் கெடுத்துவிட்டது என்று மாஸா தரப்பில் புகார். ஸ்டூவர்டுகள் ஒப்புக்கொண்டார்கள். அலான்ஸோவின் சிறந்த மூன்று நேரங்கள் ரத்து. ஐந்தாவது இடத்திலிருந்து பத்தாவதுக்கு. இனிமேல் இதை விளையாட்டு என்றே நினைக்கப் போவதில்லை என்கிற அளவுக்குக் கொதித்துப்போனார் மனுஷன். விமர்சனம் பலமாக எழுந்ததும், உலக மோட்டார் சங்கமான எஃப்.ஐ.ஏ. கொஞ்சம் இறங்கி வந்தது. வேண்டுமென்றே மறித்தால்தான் இனி தண்டனை என்றது.

வேண்டுமென்றே! இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் மனசை எப்படிப் படிப்பது?

2014-ல் மொனாக்கோவில் மறுபடியும் அதே காட்சி. இப்போது முதலிடத்தில் நிக்கோ ரோஸ்பெர்க். மிராபோ வளைவில் பிரேக் பிடிக்கத் தவறி, ஒதுக்குப் பாதைக்குள் போய்விட்டார். மஞ்சள் கொடி. பின்னால் வந்த அவருடைய டீம் சகா லூயிஸ் ஹாமில்டனின் கடைசிச் சுற்று போச்சு. ஸ்டூவர்டுகள் தகவல்களைப் பார்த்தார்கள். குற்றத்துக்கு ஆதாரமில்லை என்றார்கள். ரோஸ்பெர்க் முதலிடத்திலிருந்து புறப்பட்டு பந்தயத்தையும் ஜெயித்தார். 2006-ல் ஷூமேக்கரை மிகக் கடுமையாகத் திட்டியவர்களில் ஒருவர் முன்னாள் உலக சாம்பியன் கேகே ரோஸ்பெர்க். நிக்கோவின் அப்பா. விதிக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு ஜாஸ்திதான்.

நிக்கோ பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல ஆதாரமும் இல்லை. நான் கேட்பது வேறு. அவர் வேண்டுமென்று செய்தாலும் தெரியாமல் செய்தாலும் ஹாமில்டனுடைய நஷ்டம் ஒன்றுதானே? உங்கள் கால் மேல் பஸ்ஸில் ஒருத்தர் ஏறி மிதிக்கிறார். வேண்டுமென்று மிதித்தாரா என்பது அவரைத் திட்டுவதா விடுவதா என்று முடிவு செய்ய உதவும். வீங்கின காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சரி, மனசைப் படிக்க வேண்டாம், குற்றத்துக்கு நிரந்தரமாக ஒரு விலை வைத்துவிடலாம் என்று பிறகு முடிவாயிற்று. கொஞ்ச காலம் ஐந்து இடம் என்று இருந்தது. இப்போது வழக்கமான ரேட் மூன்று இடம். சுலபமான கணக்கு. ஆனால் கணக்குச் சுலபமாக இருப்பதாலேயே நியாயம் வந்துவிடாது.

2007 ஹங்கேரியைப் பாருங்கள். மெக்லாரன் டீமுக்குள்ளேயே அலான்ஸோவுக்கும் ஹாமில்டனுக்கும் பனிப்போர். முதலில் ஹாமில்டன், டீம் சொன்னபடி அலான்ஸோவை முன்னால் விடவில்லை. பதிலுக்கு அலான்ஸோ, பிட்டில் டயர் மாற்றி முடித்த பிறகும் கிளம்பாமல் நின்றார். பின்னால் காத்திருந்த ஹாமில்டனுக்குக் கடைசிச் சுற்றுக்கு நேரம் போதவில்லை. அலான்ஸோவுக்கு ஐந்து இடம். முதலிடத்திலிருந்து ஆறாவதுக்குப் போய், பந்தயத்தில் நான்காவதாக வந்தார். வருஷக் கடைசியில் புள்ளிக் கணக்கு இதோ: கிமி ராய்க்கோனன் 110, ஹாமில்டன் 109, அலான்ஸோ 109. அன்றைக்கு ராய்க்கோனன் இரண்டாவது. அந்த இடத்தில் அலான்ஸோ வந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்த வருஷத்து உலக சாம்பியன் அவர்தான். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அதே ஐந்து இடம் நரேனுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமேயில்லை. முதலில் நிற்பவருக்கு அது உலக சாம்பியன் பட்டத்தின் விலை. கடைசியில் நிற்பவருக்கு இலவசம். ஒரே தண்டனை என்று பெயர், ஆனால் ஒரே தண்டனை இல்லை.

பாதிக்கப்பட்டவர் பக்கம் வருவோம். அங்கே இன்னும் விசித்திரம். 2007-ல் ஹாமில்டனுக்கு நியாயம் கிடைத்தது. அலான்ஸோ பின்னால் போனதும் இவர் முதலிடத்துக்கு வந்து ஜெயித்தார். 2024 கத்தாரில், தேவையில்லாமல் மெதுவாகப் போய் ஜார்ஜ் ரஸலை மறித்ததற்காக மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முதலிடத்தை இழந்தார். இருவருமே அப்போது வேகச் சுற்றில் இல்லை என்பதால் மூன்றுக்குப் பதில் ஒரே ஒரு இடம்தான் தண்டனை. அந்த ஒரு இடம் நேராக ரஸலுக்குப் போனது. வெர்ஸ்டாப்பன் மறுநாள் ஆரம்பத்திலேயே ரஸலை முந்தி ஜெயித்துவிட்டார், அது அவர் சாமர்த்தியம். 2025 மொனாக்கோவில் ஹாமில்டன், வெர்ஸ்டாப்பனை மறித்தார். பின்னால் வருகிறவர் வேகமாக வருகிறாரா மெதுவாக வருகிறாரா என்று ரேடியோவில் ஹாமில்டனுக்குச் சரியான தகவல் வரவில்லை. தப்பு டீமுடையது. மூன்று இடம் டிரைவருக்கு. நான்காவதிலிருந்து ஏழாவதுக்குப் போனார். ஐந்தாவதாக இருந்த வெர்ஸ்டாப்பன் நான்காவதுக்கு உயர்ந்தார்.

இந்த மூன்று கதையிலும் பாதிக்கப்பட்டவருக்கு ஏதோ கிடைத்தது. ஏன்? நீதி வேலை செய்ததாலா? இல்லை சார். மூன்று பேரும் குற்றவாளிக்கு அடுத்தபடியாக நின்றிருந்தார்கள், அவ்வளவுதான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போனால் அவருடைய ஜாங்கிரி நமக்கு வரும். அது அதிர்ஷ்டம், நீதி இல்லை.

அதிர்ஷ்டம் இல்லாதவர் கதையையும் கேளுங்கள். 2023 சிங்கப்பூர். ஜப்பானின் யூகி சுனோடா, ஆல்ஃபா டௌரி என்ற சின்ன டீம். முதல் கட்டத்தில் எல்லோரையும் விட வேகமான நேரம் அவருடையதுதான். சின்ன டீம்காரருக்கு இப்படி ஒரு சாயங்காலம் அடிக்கடி வாய்க்காது. இரண்டாவது கட்டத்தில் அவருடைய வேகச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் குறுக்கே. சுற்று கெட்டது. அந்தக் கட்டத்தை சுனோடா பதினைந்தாவதாக, கடைசியில் முடித்தார். முழுக் காரணமும் அந்த மறிப்புத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த முயற்சி அவருக்கே சரியாக அமையவில்லை. ஆனாலும் இருந்த வாய்ப்புகளில் ஒன்று பிறரால் போனது நிஜம். வெர்ஸ்டாப்பனுக்குக் கண்டிப்பு, டீமுக்குச் சின்ன அபராதம், வரிசையில் ஒரு இடம்கூடப் போகவில்லை. அது தப்பான தீர்ப்பு என்று ஸ்டூவர்டுகள் தரப்பிலேயே பிறகு ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் பின்வரிசைக் கூட்டத்தில் கிளம்பிய சுனோடா, முதல் சுற்றிலேயே இன்னொரு காரோடு உரசி வெளியேறினார்.

ஒரு பேச்சுக்கு, வெர்ஸ்டாப்பனுக்கு மூன்று இடம் போட்டிருந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவதிலிருந்து பதினான்காவதுக்குப் போயிருப்பார். சுனோடா? அப்போதும் பதினைந்துதான்! லாபம் நடுவில் நின்ற மூன்று பேருக்கு. மறித்தவரும் இல்லை, மறிக்கப்பட்டவரும் இல்லை, சம்பந்தமே இல்லாத மூன்று பேர்.

இதுதான் இந்தத் தண்டனை முறையின் மேல் எனக்குள்ள முக்கியமான குறை. குற்றவாளியை எவ்வளவு வலிக்க வைப்பது என்று மட்டுமே யோசிக்கிறது. ஐந்தா, மூன்றா, ஒன்றா, கண்டிப்பா என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றி இத்தனை வருஷமாக யோசனையே இல்லை. திருடனை ஜெயிலில் போடுகிறோம், நகை மட்டும் போலீஸ் ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் என்கிற மாதிரி.

வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் க்வாலிஃபையிங்கில் மறித்தால் அந்தக் கட்டத்தில் உங்களுடைய சிறந்த இரண்டு சுற்றுகள் போய்விடும். சிவப்புக் கொடி வரவைத்தாலும் அப்படியே. மனசைப் படிக்கும் வேலையே இல்லை. சுற்றைக் கெடுத்தாயா, உன் சுற்றைக் கொடு. தடகளத்திலும் பனிச்சறுக்கு ஓட்டத்திலும் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஹீட்ஸில் ஒருவர் தடுக்கப்பட்டால், நடுவர் அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பி வைக்கலாம். இடித்தவர் வீட்டுக்கு, இடிபட்டவர் அரையிறுதிக்கு.

இதை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டு வந்தால் என்ன? என் யோசனை சிம்பிள். தெரியாமல் மறித்தால் தண்டனை என்ற பேச்சே வேண்டாம், அந்தக் கட்டத்தில் மறித்தவருடைய சிறந்த நேரம் ரத்து. டீம் ரேடியோவில் தூங்கியதா, டிரைவர் தூங்கினாரா என்ற பஞ்சாயத்தும் வேண்டாம். அது அபராதம் இல்லை, கடன் அடைப்பு. மறிக்கப்பட்டவர் அதனால் வெளியேறும்படி ஆனால், அவரை அடுத்த கட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். ஒரு கார் கூடுதலாக ஓடினால் குடி முழுகாது. வேண்டுமென்றே செய்ததாக ஆதாரம் இருந்தால் மட்டும், 2006 மொனாக்கோ மாதிரி எல்லாவற்றையும் ரத்து செய்து கடைசிக்கு அனுப்புங்கள். மனசைப் படிக்கிற கஷ்டமான வேலை அந்த அபூர்வமான கேஸ்களுக்கு மட்டும் போதும்.

நீங்கள் கேட்கப்போகும் கேள்வி தெரிகிறது. 'அப்புறம் ஃபுட்பால் ஆட்டக்காரர் மாதிரி எல்லோரும் இடிபட்டதாக நடிக்க மாட்டார்களா?' நடிப்பார்கள். ஆனால் இந்தக் கார்களில் ஸ்டியரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் விநாடிக்கு விநாடி பதிவாகிறது. ஷூமேக்கரை மாட்டிவிட்டதே அந்தத் தகவல்கள்தான். இன்னொரு கேள்வி: ஸ்டூவர்டுகள் மணிக்கணக்கில் யோசிக்கிறார்களே, அடுத்த கட்டமோ சில நிமிஷத்தில் ஆரம்பிக்குமே? நியாயமான ஆட்சேபம். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் பந்தயத்தின் நடுவில், ஓடுகிற காருக்கே ஐந்து விநாடி, பத்து விநாடி என்று தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, பளிச்சென்று தெரிகிற மறிப்பையாவது உடனே முடிவு செய்ய முடியாதா?

அமைப்பே தப்பைத் தூண்டுவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2008-ல் மலேசியாவில் மெக்லாரன் டிரைவர்கள் ஹாமில்டனும் கோவலைனனும் வேகச் சுற்றை முடித்துவிட்டு ஊர்ந்து திரும்பியதால் மற்றவர்களை மறித்தார்கள். ஊர்ந்தது சோம்பலால் இல்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெட்ரோலோடுதான் மறுநாள் பந்தயத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று அப்போது விதி. ஒவ்வொரு சொட்டும் காசு. இருவருக்கும் ஐந்து இடம் போட்டார்கள். கூடவே, திரும்பி வரும் சுற்றுக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று ஒரு வரம்பும் கொண்டு வந்தார்கள். நூறு தண்டனை செய்யாத வேலையை அந்த மாதிரி ஒரு விதி செய்யும்.

2019-ல் மோன்ஸாவில் கூத்து உச்சத்துக்குப் போனது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் போனால் வேகம் கிடைக்கும் என்று யாருமே முதலில் போகத் தயாரில்லை. 'நீங்க போங்க', 'பரவால்லை, நீங்க போங்க' என்று ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் பெரும்பாலோருக்கு வேகச் சுற்றை ஆரம்பிக்கவே நேரம் இல்லை. உலகத்திலேயே வேகமான கார்கள், கோட்டைத் தாண்ட நேரமில்லாமல் கொடி விழுந்துவிட்டது.

இதெல்லாம் கோடீஸ்வரர்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எந்த நியாயத்தையும் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. தீர்ப்பு வாசித்து முடித்ததும், குற்றவாளி முகத்தைப் பார்க்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் கையைப் பாருங்கள். அதில் ஏதாவது இருக்கிறதா?

நொய்டாவில் அன்றைக்குப் பின்னால் தள்ளப்பட்ட நம்ம நரேனின் கையிலும் ஒன்றுமில்லை, ஏழு முறை சாம்பியனான ஷூமேக்கரின் கையிலும் ஒன்றுமில்லை. ஐந்து இடங்கள் மட்டும் எங்கேயோ காற்றில் போயின.